பதினோரு நிமிடம்

வியாழன் இரவு ஒன்பதரை.
பந்தலூரில் அந்த நேரத்துக்கு
மழையும் வரும், தொடரும் வரும்.
எது முதலில் என்பதுதான் பந்தயம்.

'ஏழாம் எண் தபால்பெட்டி.'
முப்பத்தொன்பது வாரம் ஓடியது.
விளம்பரம் வரவில்லையென்று
ஒரு கதவு பாதி திறந்திருக்கும்போதே
நிறுத்திவிட்டார்கள்.
கதவுக்கு அந்தப் பக்கம் யார் என்று
இன்றைக்கும் எட்டு நாடுகளில் சண்டை நடக்கிறது.

இலை எடைபோடும் கொட்டகையில் கிடைத்த முதல் போனஸில்
பழைய விசிஆர் ஒன்று வாங்கினேன்.
ஒரு வாரம் விடாமல் பதிந்தேன்.
இருபத்தேழாவது வாரம்
தேவாலா பக்கம் கற்பூரமரம் சாய்ந்து
கரண்ட் போனது.
வந்தபோது குமுதவல்லி
கையில் உறையோடு
கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வருஷங்கள் கழித்து
டொரன்டோவிலிருந்து வாகீசன் என்னைத் தேடிப் பிடித்தார்.
சேனலில் அந்த நாடா அழிந்துவிட்டதாம்,
உலகத்தில் மிச்சம் என் கேசட் ஒன்றுதானாம்.
'அக்கா, நடுவில பதினொரு நிமிசம் வெட்டுது.
என்ன நடந்தது, நினைவிருக்கா?'

லயத்துக்கு மேலே
சிக்னல் கிடைக்கும் பாறையில் நின்று
அட்டை ஏறும் காலை உதறிக்கொண்டே
'இருக்கு' என்று தட்டினேன்.

குமுதவல்லி கடிதத்தைப் பிரிக்கிறாள்.
படிக்கிறாள். பிறகு சொல்கிறாள்:
'முகவரி தப்பில்ல.
நாமதான் வீடு மாறிட்டோம்.'

அவ்வளவுதான் எழுதினேன்.

அது பனியனில் ஏறியது.
மலேசியாவில் ஒரு பையன்
முழங்கையில் பச்சை குத்திக்கொண்டான்,
ஒற்று விட்டுப்போயிருந்தது.
யாரோ படம் வரைந்தார்கள்,
யாரோ குரல் கொடுத்தார்கள்,
பதினோரு நிமிடமும் நிரம்பிவிட்டது.
நடித்த அம்மாவே ஒரு பேட்டியில்
'அந்த வசனம் பேசறப்ப நிஜமாவே அழுதுட்டேன்' என்றார்.

எனக்கு அந்த வரி எங்கே கிடைத்தது என்று
ஒருவரும் கேட்கவில்லை.
அட்டனுக்கு அம்மா போட்ட கடிதம்
மூன்று முத்திரையோடு திரும்பி வந்த மத்தியானம்
அவள் யாரையும் பார்க்காமல் சொன்னது.

போன தை மாதம்
கோடவுனில் அசல் நாடா கிடைத்ததென்று
ஓடிடியில் போட்டார்கள்.
கட்டணம் கட்டி, போர்வைக்குள் போனை வைத்துப் பார்த்தேன்.
குமுதவல்லி கடிதத்தைப் பிரிக்கவேயில்லை.
டீ போடுகிறாள்.
விறகு ஈரம்.
உறையால் அடுப்புக்கு விசிறுகிறாள்,
புகை கண்ணில் ஏறுகிறது.
பதினோரு நிமிடமும் இதுதான்.
ஒரு வசனம் கிடையாது.

குழு கொதித்தது.
போலி என்றார்கள்.
வாகீசன் பதினான்கு ஆதாரம் அடுக்கினார்:
நிழல் விழும் கோணம்,
டம்ளரின் காலம்.

நான் எழுதினேன்,
'இதுதான் அசல். புகைதான்.'

காலையில் பார்த்தால்
என்னை நீக்கியிருந்தார்கள்.
நீக்கிய பையனின் முகப்புப் படத்தில்
அம்மாவின் வரி.
காரணம் என்று கீழே:
'தொடரை ஒழுங்கா பார்க்காதவங்க.'

கொட்டகையில் சங்கு ஊதியது.
முதல் மூட்டை
இருபத்திரண்டு கிலோ.
மழை இலை, தண்ணீருக்கு இரண்டு கழித்து
இருபது என்று எழுதினேன்.