வெந்நீர்

முதல் பந்தை எறிய வேண்டியவர்
மேட்டுக்கு வரவில்லை.
ஆறு ஐந்துக்கு என்று அழைப்பிதழில் இருந்தது.
ஒலிபெருக்கிக்காரன் இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டான்:
கிளியோஃபஸ் டார்வர், இடது கை,
கறுப்பு நாரைகள் அணி,
வயது தொண்ணூற்று மூன்று.
மூன்றாம் தரம் கூப்பிட
அவனுக்கே வாய் கூசியது.

நான் இந்த மைதானத்துக் குழாய்க்காரன்.
அவர் எங்கே என்று எனக்குத் தெரியும்.

ஐந்தரைக்கு
வரவேற்புக் குழுவிடமிருந்து நழுவி
உடைமாற்றும் அறை வாசலுக்கு வந்திருந்தார்.
அன்றைக்கு எல்லா ஆட்டக்காரர்களுக்கும்
அந்தக் காலத்துச் சட்டை,
மார்பில் ஒரு நாரை.
கம்பளி என்றார்கள், பாலியெஸ்டர்.
மாட்டியிருந்த ஒன்றைத் தொட்டுப் பார்த்து
"இது வேர்வை குடிக்காது" என்றார்.
பிறகு என் இடுப்புச் சாவிக்கொத்தைப் பார்த்து,
"ஷவர் வேலை செய்கிறதா?"

செய்கிறது ஐயா.
மூன்றாவது மட்டும்
சுடுவதற்குக் கொஞ்சம் யோசிக்கும்.

"நாற்பத்தொன்பதில் இங்கே
பதினான்கு இன்னிங்ஸ் எறிந்தேன்.
வெள்ளை அணி வெளியூர் போகிற நாட்களில்
எங்களுக்கு வாடகைக்கு விடுவார்கள்.
புல்லுக்கு வாடகை. விளக்குக்கு வாடகை.
வசூலில் நூற்றுக்கு நாற்பது.
இந்தக் கதவுக்கு மட்டும்
விலையே சொல்லவில்லை.
அலபாமாச் செம்மண்
காய்ந்தால் ஓடு.
அந்த ஓட்டோடுதான் பஸ் ஏறுவோம்,
மறுநாள் ஆட்டம் மெம்ஃபிஸில்."

கோபமாகச் சொல்லவில்லை.
போன வருஷ மழையளவைச் சொல்வதுபோல் சொன்னார்.

துண்டு கொடுத்தேன், சோப்பும்.
மூன்றாவதற்குள் போனார்.

வெளியே பதினோராயிரம் பேர்.
மேயர் பேசி முடித்து
முடித்ததையே திரும்பப் பேசிக்கொண்டிருந்தார்.
தொலைக்காட்சியில் அதே டயர் விளம்பரம்
நாலாவது முறை.
நிர்வாகத்திலிருந்து ஒரு பையன் ஓடிவந்தான்,
மூச்சுக்கும் வார்த்தைக்கும் இடையில்
தண்ணீர்ச் சத்தம் கேட்டு நின்றான்.
இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்றான்.
தொட்டியில் நானூறு கேலன் இருக்கிறது
என்றேன்.

அவர் உள்ளே பாடவில்லை,
அழவும் இல்லை.
நீர் தோளில் விழும் சத்தம்,
அப்புறம் முதுகில் விழும் சத்தம்,
அப்புறம் வெகுநேரம்
திரும்பாமல் நிற்கிற ஒரு மனிதன்மேல்
விழும் சத்தம்.

ஆறு இருபத்தேழுக்கு மேட்டில் ஏறினார்.
காலர் நனைந்திருந்தது.
பந்து இரண்டு தரம் மண்ணில் குத்தி
கேட்சரிடம் போய்ச் சேர்ந்தது.
ஈரப் பந்தை நடுவர் மாற்றிவிட வேண்டும், விதி அது.
மாற்றினார்.
பழையதை ஒருமுறை மோந்து பார்த்து
தன் பையில் போட்டுக்கொண்டார்.

ஆட்டம் எப்படி முடிந்தது என்று கேட்காதீர்கள்,
நான் கொதிகலன் அறையில் இருந்தேன்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்.
அந்த இருபது நிமிடமும்
மற்ற எல்லாக் கிளைக் குழாய்களையும் அடைத்து
வெந்நீர் மொத்தத்தையும்
மூன்றாவதற்குத் திருப்பிவிட்டிருந்தேன்.
மேல்தளத்தில், உரிமையாளர்கள் அமரும் கண்ணாடி அறையில்
கை கழுவப் போனவர்களுக்குச்
சில்லென்று வந்ததாம்.
மறுநாள் காலை புகார்த் தாள் என் மேசையில்.
பதிவேட்டை எடுத்துத் தேதி போட்டு
ஒழுங்காக எழுதிவைத்தேன்:

பழுது பார்க்கப்பட்டது.
காரணம் தெரியவில்லை.