ஓதம்

போன கார்த்திகையில் முழங்காலுக்கு மேல் நாலு விரல்.
இந்தத் தையில்
இடுப்பைத் தொடுகிறது.

கண்டனூரில் கடல் கிடையாது.
இரண்டாம் கட்டு உள்ளறைச் சுவரில்
விரலை வைத்து நாக்கில் தொட்டால்
உப்பு.

ஐந்து வருஷத்தில் மூன்று பெயிண்ட்.
தரையிலிருந்து ஏறுகிறது என்றார் ஒருவர்.
ஓட்டிலிருந்து இறங்குகிறது என்றார் இன்னொருவர்.
காரைக்குடிக் கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல்
இருபது லிட்டர் டப்பாவை எடுத்து வைத்தார்.
ஏழு வருஷ வாரண்டி.
ஏழாம் மாதம் அது அப்பளமாய் உப்பி
கட்டில்மேல் உதிர்ந்தது.

பிளம்பர் மரியசூசை வந்தார்.
சுவரைத் தட்டவில்லை, விலை சொல்லவில்லை.
"சேலை வர்ற கண்ணாடிக் கவர் இருக்கா ஆச்சி?"
நாலு பக்கமும் டேப் போட்டு
சுவரோடு ஒட்டினார்.
"ரெண்டு நாள் தொடாதீங்க.
மேல வேர்த்தா ரூம்புல உள்ள காத்து.
உள்ள வேர்த்தா சுவரு."

மூன்றாம் நாள்
கவருக்குப் பின்னால் பொடிப்பொடியாய்த் துளி,
ஜுரம் விட்ட நெற்றி.

சுவருக்கு அந்தப்பக்கம் அடைக்கப்பன் பங்கு.
பாகம் பிரித்து பதினொரு வருஷம்.
பேச்செல்லாம் வக்கீல் வழி.
மகள் கல்யாணத்துக்கு அங்கே பாத்ரூம் கட்டினார்.
அவர் சோப்பு வாசனை எனக்குத் தெரியும்.
குரல் மறந்துவிட்டது.

ஒரு ராத்திரி அங்கே யாரும்
தண்ணீர் திறக்கக்கூடாது.
யார் போய்ச் சொல்வது?
மரியசூசைதான் போனார்.
அவர் தொட்டியில் சாக்பீஸ் கோடு கிழித்தோம்.

விடியுமுன் மாடியேறினால்
எனக்கு முன்னால் அவர், டார்ச்சோடு.
தண்ணீர் கோட்டுக்கு மூன்று விரல் கீழே.
"பார்த்தீங்களா" என்ற சொல்லை
பதினொரு வருஷமாய் வைத்திருந்தேன்.
வாய்வரை வந்தது.

அதற்குள் கீழே உளிச் சத்தம்.
"ஜாயிண்டு அவுகளுது, சரி.
இந்தச் சிமெண்டு யாரு பூசச் சொன்னது?"
நான்தான்.
"சுண்ணாம்புச் சுவருக்கு மழைக்கோட்டு மாட்டிவிட்டா
வந்த தண்ணி எங்க போகும்?
மேலதான் ஏறும்."
சொல்லை விழுங்கினேன்.
அதுவும் உப்பாகத்தான் இருந்தது.

ஜாயிண்டு மாற்ற ஒரு மணி நேரம்.
சிமெண்டைத் தோள் உயரம் கொத்தியெடுக்க நாலு நாள்.
காய்வதற்குக் கணக்கில்லை.
ஜன்னலைத் திறந்து போட்டு
தினம் காலையில் பூத்த உப்பை
உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி முறத்தில் வாங்குகிறேன்.
ஈரத்துணி கூடாது. கரைந்து உள்ளே போய்
மறுபடி வருமாம்.

ஈரத்தின் விளிம்பில் தேதி போட்டு வருகிறேன்.
மாசி பத்து. மாசி இருபத்தாறு.
பங்குனி எட்டு, முழங்கால்.
கத்திரி முடிந்துதான் பூச்சு,
சுண்ணாம்பும் மணலும்.
அதுவரை செங்கல் தெரிய நிற்கட்டும்,
விருந்தாளி முகம் சுளித்தாலும்.

கேட்காமலே பாதிப் பணம் வந்தது.
நாற்பது ரூபாய் குறைவு.
துண்டுச் சீட்டில் காரணம்:
சாக்பீஸ், டார்ச் பேட்டரி.

இரவில் அந்தப்பக்கம்
குழாய் மூடும் சத்தம் கேட்கிறது.
கொஞ்சம் பொறுத்து
இன்னொரு முறை,
இறுக்கி.