தோற்றம் – மறைவு

முதுநகர் ரயில்வே கேட்டுக்கு எதிரே
ஒற்றை ஷட்டர் கடை. உள்ளே நானும் ஒரு கம்ப்யூட்டரும்.
காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, திருமணம், கண்ணீர் அஞ்சலி.
நான்கு ஃபோல்டர்.
நான்காவது எப்போதும் திறந்தே கிடக்கும்.

மஞ்சக்குப்பத்துப் படங்கள்
ஸ்டுடியோவில் உட்கார்ந்து எடுத்தவை.
மூக்குக்கண்ணாடி, இஸ்திரி போட்ட சட்டை.
ரங்கபாஷ்யம், தலைமை ஆசிரியர் (ஓய்வு).
தோற்றம் 1933. மறைவு போன வியாழன்.
பின்னால் தாமரைக்குளம் வைத்துவிட்டு
டீ குடிக்கப் போவேன்.

சிதம்பரம் ரோட்டில் தெற்கே
காற்று நாறத் தொடங்கும் ஊர்களிலிருந்து
படம் அப்படி வராது.
கல்யாண ஆல்பத்தை போனில் பிடித்து
வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள்.
பக்கத்தில் நிற்பவளை வெட்ட வேண்டும்.
அவன் தோள்மேல் மிச்சமிருக்கும் அவள் விரல்களை
ஒவ்வொன்றாக அழிக்க வேண்டும்.
கூலிங்கிளாஸ் என்றால்
வேறு படத்திலிருந்து கண் கொண்டுவர வேண்டும்.

தோற்றம் 1986. 1991. ஒருமுறை 2003.
கணக்கில் நான் மட்டம்தான்.
ஆனாலும் இரண்டு தேதிக்கும் நடுவே
அந்தச் சின்னக் கோட்டை இழுக்கும்போது
கை ஒரு நொடி நிற்கும்.
மஞ்சக்குப்பத்துக் கோடும் காரைக்காட்டுக் கோடும்
திரையில் ஒரே நீளம்.
நடுவில் கெடிலத்தின் பாலம், ஒரு ரயில்வே கேட்,
அரை மணி நேர டவுன் பஸ்.

‘தேசிங்கு’ என்று தேடினேன்.
இரண்டு காட்டியது.
2014, இல்லறம் சிறக்க வாழ்த்தும் நண்பர்கள் குழு,
நான் செய்ததுதான்.
அதே முகம். ரோஜாவை அணைத்துவிட்டு
ஊதுபத்தி லேயரை ஏற்றினேன்.

பெரும்பாலும் பங்காளிகள்தான் வருவார்கள்.
இந்த முறை அஞ்சலாட்சியே வந்திருந்தாள்,
மஞ்சப்பையில் ஆஸ்பத்திரிச் சீட்டோடு.

“இறைவனடி சேர்ந்தார்னு போடாதீங்க.
அவுரு எங்கயும் போயி சேரல.
சர்க்கர மாத்தர தீந்து நாப்பத்தோரு நாளு.
மாத்தர காசில்லாமதான் குடுக்குறாங்க,
வாங்கப் போனா ஒரு நாள் கூலி போவும்.
கால்ல புண்ணு, இவ்ளோண்டு.
பூட்ஸ கழட்டிப் பாக்கவே இல்ல மனுசன்.
அத எழுதுங்க.”

“ஊர்ல பேச்சு வரும்மா,” என்றார் முதலாளி தஸ்தகீர்.
சொல்லிக்கொண்டே டிராயரைத் திறந்தார்.
கிழமை எழுதிய அவருடைய மாத்திரை டப்பா.
ஞாயிறுவரை எல்லா அறையும் நிரம்பியிருந்தது.
அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மூடினார்.
“எத்தனைக்கு எத்தனை அடி?” என்று கேட்டார்.

அவள் சொன்னதற்கு இடம் போதவில்லை.
தாமரையை எடுத்தேன். புறாவை எடுத்தேன்.
தானாக ஓடிவந்து நிற்கும் அந்த வரியையும் எடுத்தேன்.

தேசிங்கு. வயது 38.
மாத்திரை தீர்ந்து நாற்பத்தொரு நாள்.

பஸ் நிறுத்தத்துப் புளியமரத்தில் கட்டினார்களாம்.
இரண்டு நாள் இருந்ததாம். பிறகு இல்லையாம்.
யார் அவிழ்த்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் பச்சையாங்குப்பத்திலிருந்து ஒரு போன்.
“எங்க அண்ணனுக்கும் அந்த மாதிரி ஒண்ணு.
அவனுக்கு வேற காரணம்.
நான் சொல்லச் சொல்ல எழுதிக்கிறீங்களா?”

கண்ணீர் அஞ்சலிக்குள் போட மனம் வரவில்லை.
ஐந்தாவதாக ஒன்று திறந்தேன். பெயர் கேட்டது.
இப்போதைக்கு அது
‘நியூ ஃபோல்டர்’ என்றே இருக்கிறது.