ஐந்து பாகை

துளை இருபது மில்லிமீட்டர்.
தண்டு பத்தொன்பது புள்ளி ஒன்பது ஆறு.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
இதைவிடப் பொடியான இடைவெளிகளைத்
தள்ளுவதும் ஏற்பதும்தான் எனக்குச் சம்பளம்.
எடைக்கல் வழுக்கிக்கொண்டு ஏறியது.
திருகு இறுகியது.
பொருத்தத்தில் ஒரு குறையும் இல்லை.

ஆனாலும் ஒன்பதரைக்குக் கொஞ்சம் முன்னால்
டங்.

முக்காலியின் வடக்குக் காலில்
ஐந்து கிலோ இரும்பு முட்டிக்கொண்டு நிற்கிறது.
மோட்டார் விடாமல் முனகுகிறது.
குழாய் நின்ற இடத்தில் நிற்க
வானம் நகர்ந்துவிட்டது.

உனக்குச் சனி பிடித்திருக்கிறது என்கிறாள் அபரஞ்சி,
ஷிப்டு மாறும்போது என் கண்களைப் பார்த்து.
எங்கே பிடித்தது?
மூன்று இரவாக நான்தான் அதைப் பிடிக்கப் பார்க்கிறேன்.
உச்சிக்கு வருகிற நேரமாகப் பார்த்து
டங்.

முதல் இரவு எடையை மேலே தள்ளி வைத்தேன்.
குழாய் குப்புறக் கவிழ்ந்தது.
மறுநாள் இன்னொரு எடைக்கு விலை கேட்டேன்.
முந்நூற்று நாற்பது ரிங்கிட்.
சாத்திவிட்டுப் படுத்துவிட்டேன்.

விளக்கப் புத்தகத்தில்
கம்பளிக் குல்லாய் போட்ட ஒருவர்
அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நிமிர்த்துகிறார்.
அவர் ஊரில் அது அரைவானத்தில் இருக்கும்போல.
எடைத்தண்டு காலுக்கு மேலே
வெளியே நீட்டிக்கொண்டு ஹாயாக இருக்கிறது.

எங்களுக்கு ஐந்து பாகை.
கொம்தார் உச்சிக்குக் கொஞ்சம் மேலே, மூட்டத்துக்குள்,
இருக்கிறது என்று நம்பவேண்டிய நட்சத்திரம்.
அளவுகோலோ பதினைந்தோடு முடிந்துபோகிறது.
மீதிப் பத்துக்கு
தெற்குக் கால்கள் இரண்டின் கீழும்
இரண்டிரண்டு செங்கல்.
இப்படி அச்சைப் படுக்கவைத்தால்
தண்டு செங்குத்தாகத் தொங்கும்,
நேரே காலைத் தேடி.

மூன்றாம் இரவு,
கெலுகோர் அடுக்குமாடியின் மேல்தளத்தில்,
ஒரு மைவி ஹாரன் அடித்தது.
நாற்பத்தேழாம் எண் அவருடைய இடமாம்.
காவலர் தில் பகதூர் ஓடிவந்தார்.
தலையைக் கழற்றி நான் நெஞ்சோடு பிடித்துக்கொள்ள
வெறும் முக்காலியைத் தூக்கிப்போய்த்
தூணருகே வைத்தார்.
வடக்கும் தெற்கும் அவருக்கென்ன.

ஒற்றைக் கால் தெற்கே நின்றது.
திருப்பப் போனவள்
நின்றுவிட்டேன்.

வடக்கே இரண்டு கால்கள்.
நடுவில்
வாசல்.

ஆனால் தலை உட்காரும் முளையும்
தெற்கே போய்விட்டதே.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு தடவினேன்.
எதிர்ப்பக்கம், கறுப்பு வர்ணத்துக்கு அடியில்,
மறையிட்ட இன்னொரு துளை.
இதைக் கடைந்தவருக்கு எங்களைத் தெரிந்திருக்கிறது.
புத்தகம் எழுதியவருக்குத்தான் தெரியவில்லை.

வீட்டுச் சாவியால் வர்ணத்தைச் சுரண்டி
முளையை இடம் மாற்றி
தலையை ஏற்றி
ஒற்றைக் காலின் கீழ் இரண்டு செங்கல் வைத்தேன்.
இரண்டு மிச்சம்.
அதன்மேல் தில் பகதூர் உட்கார்ந்துகொண்டார்,
எதற்கென்று கேட்காமல்.

ஒன்பது இருபத்தெட்டு.
இரும்பு இறங்குகிறது.
இடப்பக்கம் நான்கு விரல் இடைவெளி,
வலப்பக்கம் மூன்று.
அடுக்குமாடி முழுக்க யாரோ வெங்காயம் வதக்கும் வாசனை.
ஒன்பது முப்பத்தொன்று.
முப்பத்துநான்கு.

அவர் குழாயில் கண்ணை வைத்துக்கொண்டு
வளையம், வளையம் என்று
தன் மொழியில் யாரையோ கூப்பிட்டார்.
நான் தரையோடு தரையாகக் குனிந்து
எடைக்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.