பன்னிரண்டில் நிற்கும் முள்

பழைய இரும்புக் கடையில் வாங்கிய பீப்பா.
முன்பு சோடாப் பாணி இருந்ததாம்.
மூன்று தரம் கழுவியும்
மூடியில் ஒறேஞ் வாசம்.

யூஜின் அதற்குள் பத்தொன்பது லீற்றர் ஊற்றினான்:
பார்லி, பனங்கட்டி,
கனடாவிலிருந்து மச்சாள்
பிள்ளையின் காலுறைக்குள் சுருட்டி அனுப்பிய ஹொப்ஸ்.
புளிப்புச் சரி, கசப்பும் சரி,
நுரைதான் இல்லை.
"ஆறின தேத்தண்ணி மாதிரிக் கிடக்கடா"
என்று கிணற்றடியில் ஒரு கோப்பையைக் கவிழ்த்தான்.
வாழைக்கன்று குடித்தது.

தீயணைப்புச் சிலிண்டர் நிரப்புகிறவனிடம்
கெஞ்சி வாங்கிய காற்று.
யூஜினுக்குப் பொறுமை பிறப்பிலேயே குறைவு.
முள்ளை முப்பதுக்கு முறுக்கினான்,
பீப்பாவை மடியில் கிடத்தி
காய்ச்சல்காரப் பிள்ளையைப்போல் ஆட்டினான்,
வேர்க்க வேர்க்க, ஒரு முழுப் பாட்டுக் காலம்.
பிறகு குழாயைத் திறந்தான்.
கோப்பை நிறைய நுரை,
மேசை நிறைய நுரை,
பிலோமினா தோய்த்து மடித்த துணிமேலும் நுரை.
அடங்கிய பின் பார்த்தால்
அடியில் இரண்டு விரல்
அதே ஆறின தேத்தண்ணி.

நான் குருநகர் ஐஸ் பக்டரியில்
பதினான்கு வருடம்.
காற்றைப் பற்றித் தெரியாது,
குளிரைப் பற்றிக் கொஞ்சம் தெரியும்.
வைகாசி வெக்கையில்
மனுசரே வீட்டுக்குள் நிற்கமாட்டார்,
காற்று மட்டும் பியருக்குள் நிற்குமோ?
ஒரு பாளம் ஐஸைக் கொக்கியால் இழுத்து
கணக்கில் 'உடைந்தது' என்று எழுதினேன்.
பாரைக்கும் விளைக்கும் போகவேண்டிய குளிர்
நீல பரலுக்குள்
பீப்பாவின் கழுத்துவரை ஏறியது.
முள்ளைப் பன்னிரண்டில் நிறுத்தி
"இனித் தொடாதை" என்றேன்.

விடியப் பார்த்தால் முள் நாலில்.
மறுபடி நிரப்பினோம். மறுபடி நாலு.
காசு போய்க்கொண்டிருந்தது, எங்கே என்று தெரியாமல்.
என் வலது காது கேட்காது.
கேட்பவர்களுக்குப் பக்டரி மெசின் என்று சொல்லுவேன்.
இடது காதும் அந்தளவு நம்பிக்கையில்லை.
யூஜினோ பேசிக்கொண்டே தேடுகிறவன்.
மீன் கழுவிக்கொண்டிருந்த பிலோமினாதான்
கையைத் தூக்கினாள்:
"ரெண்டு பேரும் வாயை மூடுங்கோ.
என்னவோ சீறுது."

சன்லைட்டைக் கரைத்துத் தடவினோம்.
காற்று ஏறும் முனையின் அடியில்
ஒரு குமிழ்,
கடுகு, மிளகு, நெல்லிக்காய் என்று வளர்ந்து
வெடித்து
மறுபடி கடுகிலிருந்து தொடங்கியது.
இவ்வளவு நாளும் இந்த இடத்தால்தான்
இருபத்தையாயிரம் ரூபாய் மூச்சுவிட்டிருக்கிறது.
வள்ள எஞ்சின் கடையில் றப்பர் வளையம் எண்பது ரூபாய்.
கொஞ்சம் கிறீஸ் பூசிப் போட்டேன்.
சவர்க்காரத் தண்ணி சும்மா வழிந்தது.

பிறகு செய்ய ஒன்றுமில்லை.
அதுதான் யூஜினுக்குக் கஷ்டம்.
வேலைக்குப் போகும்போது ஒருதரம்,
வரும்போது ஒருதரம்,
சுகவீனக்காரனைப் பார்க்க வந்தவன்போல்
பரலுக்குப் பக்கத்தில் நின்றான்.
ஒருநாள் விரலால் தட்டியும் பார்த்தான்.
நான் பின்னேரங்களில் உருகினதை வார்த்து
புது ஐஸ் கொட்டினேன்.
கரண்ட் இரண்டு தரம் போனது.
பரலுக்கு அது தெரியாது.
முள் பன்னிரண்டிலேயே நின்றது.

ஒன்பதாம் நாள், ஞாயிறு, பூசை முடிந்து.
குழாய் ஒருதரம் இருமியது,
பிறகு பொன்னிறமாய்
கோப்பைச் சுவரோடு சாய்ந்து இறங்கியது.
மேலே ஒரு விரல் வெள்ளை, அடங்காத வெள்ளை.
அடியிலிருந்து
ஒரே நூலில் கோர்த்ததுபோல் மணிகள்
மேலே மேலே.

"காதில வைச்சுப் பார், கதைக்குது" என்றான் யூஜின்.
நினைவில்லாமல் வலது காதில் வைத்துவிட்டேன்.
ஒன்றும் கேட்கவில்லை.
ஆனால் சின்னச் சின்னத் துளிகள்
துள்ளித் துள்ளிக்
காது மடலில் குத்தின,
குளிராக, ஓயாமல்,
அந்தப் பக்கத்தில் என்னை யாரோ
வெகுநேரமாய்க் கூப்பிட்டுக்கொண்டிருந்ததைப்போல.

யூஜின் இரண்டாவதை நிரப்பி, குடித்து,
மூன்றாவதற்குக் கை நீட்டிவிட்டான்.
நான் இன்னும் கோப்பையை எடுக்கவில்லை.

"இவர் குடிக்கிறாரோ,
போன் கதைக்கிறாரோ?"
என்றாள் பிலோமினா.