மூன்று டஜனும் நான்கும்

நைட் ஷிப்ட் முடிந்து நான் வர,
பனியன் கம்பெனிக்கு ரேணுகா கிளம்ப,
வாசலில் கைமாறினாள் நிறைமதி.
ஏழு மாதம். மூக்கடைப்பு.

சட்டையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டுத்தான் வாங்கினேன்.

காம்பவுண்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள்,
தேன் தடவு, கற்பூரம் தேய்.
எதிர்வீட்டு ஒடிசாக்காரர்
பாதி தீர்ந்த சிரப்பையே நீட்டினார்.
அவர் பையனுக்கு ஆறு வயது.

பாண்டியன் நகர் மெடிக்கலில்
ஷட்டரைப் பாதி தூக்கியபடியே குமரகுரு:
"இத்தனூண்டுக்குச் சிரப் குடுக்க மாட்டேனுங்க.
தேனு, கற்பூரம் கிட்டயே கொண்டு போகாதீங்க.
உப்புத்தண்ணிச் சொட்டு இருக்குது, மூக்குக்கு ரெண்டு ரெண்டு.
பாலை நிறுத்தாதீங்க.
மூச்சை எண்ணுங்க.
நிமிசத்துக்கு அம்பதைத் தொட்டாலோ
விலா உள்ள இழுத்தாலோ
பஸ்ஸுக்கு நிக்காம பெரியாஸ்பத்திரி."

அவ்வளவுதானா?
ஏமாந்த மாதிரி இருந்தது.
சிவப்பாய், இனிப்பாய் ஒரு பாட்டில் கையில் இருந்தால்
அப்பனாய் எதையோ செய்ததாக இருந்திருக்கும்.

சொட்டு விட்டதும் தும்மினாள்,
என் முகமெல்லாம்.
ரேணுகா பீய்ச்சி வைத்துப்போன பாலைப்
பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாய்.
பாதியில் தூங்கிப்போனாள்.

கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டேன்.
பீஸ் எண்ணிய பழக்கம்:
ஏறி இறங்கினால் ஒன்று.
ஒரு டஜன். இரண்டு. மூன்று.
மேலே நான்கு.
விலா இழுக்கவில்லை.

'நாப்பது' என்று மெசேஜ் போட்டேன்.

ஓவர்லாக் மெஷினுக்கு நடுவிலிருந்து
உடனே வந்தது பதில்:
மறுபடி எண்ணுங்க.