மறுகா ஒருக்கா

பெட்டி எழும்பவில்லை.
விடிந்தால் எண்பத்து மூன்று தோணிக்கும்
மண்ணெண்ணெய் மானியப் பட்டியல்
பிரதேச செயலகத்தில் கொடுக்க வேண்டும்.
எல்லாப் பெயரும் அதற்குள்ளே.

கல்முனையிலிருந்து நிப்றாஸ்,
போனில், சாப்பிட்டுக்கொண்டே:
"கறன்ட் போகுதா மிஸ்? காத்தாடி சுத்துதா?"
சுத்துது.
"எத்தினை தரம் கத்துது?"
மூன்று. நீட்டி. மறுகா மூன்று.
"அப்ப உசிரிருக்கு.
ஞாபகத்திலதான் கோளாறு."

பக்கத் தகட்டைக் கழற்றினேன்.
கல்லாற்று உப்புக்காற்று எந்த வழியால் போனதோ,
ஒவ்வொரு ஆணியும் பச்சை பிடித்து,
ஒரு பல்லிமுட்டை ஓடு,
சங்க ரசீதொன்றின் மூலை.
விரல் நீளத்தில் அந்த றாம் துண்டு.
இவ்வளவுதானா எண்பத்து மூன்று பேரும்?
"இல்ல மிஸ், பேரெல்லாம் வேற இடத்தில பத்திரம்.
இது நினைச்சுப் பாக்கிற இடம்."

மகளின் அழிறப்பரால்
பொன்னிறப் பற்களைத் தேய்த்தேன்.
இரும்பிலும் தூசியிலும்
ஸ்ட்ரோபரி மணத்தது.

"மறுகா ஒருக்கா அமத்துங்க."
மூன்று.
"கழட்டி, மத்தக் குழிக்குள்ள வைங்க.
டிக் எண்டு கேக்கணும்."
கேட்டது.
மூன்று.
அவன் கை கழுவும் சத்தம்.
யாரோ கதவைச் சாத்தும் சத்தம்.
"இன்னும் கொஞ்சம் தேயுங்க. மறுகா."

பன்னிரண்டரைக்கு
ஒரேயொரு குறுங்கூவல்.
திரை இன்னும் கறுப்பு.
நான் வாய் திறக்குமுன்
"வந்திட்டு மிஸ்" என்று
வைத்துவிட்டான்.

மெல்லத்தான் வெளிச்சம் வந்தது.
வந்ததும்
இன்று என்ன தேதி என்று கேட்டது.
நள்ளிரவு தாண்டியிருந்ததால்
நானும் கொஞ்சம்
யோசிக்க வேண்டியிருந்தது.